கண்ணுக்கு ஒரு ட்ரெண்ட் ரெக்கார்டர்

பதினாறு மில்லிமீட்டர் பாதரசத்தை எங்கள் செக்‌ஷன் கணக்குக்கு மாற்றினால் சுமார் 218 மி.மீ. நீர்க்கம்பம். சதுர சென்டிமீட்டருக்கு 22 கிராம் என்றும் சொல்லலாம். என் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் அவ்வளவுதான். தூத்துக்குடியில் 210 மெகாவாட் யூனிட்டுகளுக்கு நடுவே, இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் தலை நரைத்தவன் நான். பாய்லர் டிரம்மில் 150 கிலோ பக்கம் நிற்பதைப் பார்த்துப் பழகியவனுக்கு 22 கிராமெல்லாம் ஒரு அழுத்தமா என்றுதான் தோன்றும். அந்த 22 கிராமைத் தாங்க முடியாமல்தான் என் பார்வை நரம்பு இழை இழையாக இற்றுக்கொண்டிருக்கிறது.

க்ளாக்கோமா. எங்கள் அம்மாவுக்கும் அதுதான் இருந்திருக்க வேண்டும். வயசானால் கண் மங்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

படிக்கிற கண்ணாடி மாற்றலாம் என்றுதான் திருநெல்வேலிக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும். கண்ணில் சொட்டு விட்டு, கண்பாப்பாவை விரித்து, லென்ஸைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார். "சார், உங்க பிரஷர் பதினாறு, நார்மல்தான். ஆனா நரம்பு நார்மலா இல்ல" என்றார். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தின் நடுவே இருக்கும் குழி, வட்டத்தின் விட்டத்தில் 0.7 பங்குக்கு அகன்றுவிட்டதாம். பிறகு ஃபீல்ட் டெஸ்ட். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். இடது கண்ணில் மூக்குப் பக்கம், மேல் மூலையில் ஒரு துண்டு காணவில்லை என்று பிரின்ட் வந்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது வலது கண் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. எனக்கு எதுவுமே தெரியவில்லை.

கேஜ் நார்மல் காட்டுகிறது, சாமான் கெட்டிருக்கிறது. எங்கள் செக்‌ஷனில் இப்படி ஒரு கேஸ் வந்தால் மூன்று சந்தேகம் வரும். கேஜ் தப்பு. அல்லது கேஜ் சரி, பார்த்த நேரம் தப்பு. அல்லது இந்தச் சாமானால் நார்மல் பிரஷரையே தாங்க முடியவில்லை. கண் விஷயத்தில் இந்த மூன்றுமே நடக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாவதற்குப் பெரிய சாட்சி ஜப்பான். தஜிமி என்ற ஊரில் எடுத்த கணக்கெடுப்பில், திறந்த கோண க்ளாக்கோமா (கண்ணுக்குள் நீர் வடியும் மூலை மூடாமலே வரும் வகை) இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அழுத்தம் 21 அல்லது அதற்குக் கீழே, அதாவது நார்மல் எல்லைக்குள்தான் இருந்தது.

முதல் சந்தேகத்துக்கு வருவோம். கண் அழுத்தம் அளக்க இன்றும் உரைகல்லாக இருப்பது 1950களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து டாக்டர் ஹான்ஸ் கோல்ட்மான் அமைத்த கருவி. கண்ணை மரத்துப்போக வைத்து, மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் ஒரு சின்னக் கண்ணாடி முனையைக் கருவிழிப் படலத்தில் மெதுவாக முட்டவைப்பார்கள். 3.06 மி.மீ. விட்டத்துக்குப் படலம் தட்டையாக எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் அளவு. ஏன் 3.06? அந்த அளவில் படலத்தின் விறைப்பு முனையை வெளியே தள்ளுவதும், கண்ணீரின் பரப்பு இழுவிசை முனையை உள்ளே இழுப்பதும் ஏறக்குறைய ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. அதோடு ஒரு கிராம் விசை சரியாகப் பத்து மில்லிமீட்டர் பாதரசமாக வருகிறது. இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. கருவியோடு ஒரு காலிப்ரேஷன் கம்பியும் உண்டு; அதை வைத்து 0, 20, 60 ஆகிய மூன்று இடத்தில் சரிபார்க்கலாம். மூன்று பாயின்ட் காலிப்ரேஷன்! "இதை எப்போ கடைசியா செக் பண்ணீங்க?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து கம்பியை எடுத்துக் காட்டினார். அன்று முதல் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை.

ஆனாலும் அந்தக் கருவி ஒரு அனுமானத்தில் நிற்கிறது. படலத்தின் தடிமன் 520 மைக்ரான் பக்கம் என்று கோல்ட்மான் எடுத்துக்கொண்டார். தடித்த படலம் என்றால் கருவி கூட்டிக் காட்டும். மெலிந்தது என்றால் குறைத்துக் காட்டும். எனக்கு 490. ஆக என் பதினாறு உண்மையில் இன்னும் கொஞ்சம் மேலே இருக்கலாம். "எவ்வளவு கூட்டணும்?" என்றதற்கு, "டேபிள் போட்டிருக்காங்க சார், ஆனா அதை நம்பி நாங்க மருந்து மாத்துறதில்ல" என்றார்.

இரண்டாவது சந்தேகம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் கண்ணை அளந்தது காலை பதினொன்றரை மணிக்கு, டோக்கன் வரிசைப்படி. அடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அதுவும் பகல் ஓ.பி. நேரம்தான். டிரம் பிரஷரை நாங்கள் ட்ரெண்ட் ரெக்கார்டரில், அதாவது ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்துகொண்டே போகும் கருவியில், நிறுத்தாமல் ஓடவிட்டு, மணிக்கு மணி லாக் புத்தகத்திலும் எழுதியவர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ரீடிங் எடுத்து யூனிட்டை ஓட்டு என்று யாராவது சொல்லியிருந்தால் ஷிஃப்ட் இன்ஜினீயர் அவரைக் கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பார்.

கண்ணின் அழுத்தம் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கண்ணுக்குள் பகலில் நிமிஷத்துக்கு இரண்டரை மைக்ரோலிட்டர் போல நீர் ஊறுகிறது. ராத்திரி ஊற்று பாதியாகக் குறைகிறது. அப்படியென்றால் ராத்திரி அழுத்தமும் இறங்க வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. படுத்ததும் தலைப்பக்கத்து ரத்தக்குழாய்களின் அழுத்தம் ஏறி, நீர் வடிவது சிரமமாகிறது; கண் அழுத்தம் ஏறுகிறது. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வைன்ரெப், லியு ஆகியோரின் குழு இதைத் தூக்க ஆய்வகத்தில் வைத்து அளந்தது. ஆட்களைப் படுக்கவைத்து, இரண்டு மணிக்கொரு தரம் எழுப்பி அளந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு உச்சம் ராத்திரியில், ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும் நேரத்தில் வந்தது. அதே குழு இன்னொன்றும் காட்டியது: டைமோலால் சொட்டு பகலில் வேலை செய்கிறது, ராத்திரியில் அதனால் பெரிய பயன் இல்லை. அது ஊற்றைக் குறைக்கும் மருந்து. ராத்திரி ஊற்று ஏற்கெனவே குறைந்துதானே கிடக்கிறது? லட்டானோப்ரோஸ்ட் வடிகாலைத் திறந்துவிடுகிறது. இரண்டு வேளையும் பிடிக்கிறது. எனக்கு அப்போது எழுதிக் கொடுத்திருந்தது டைமோலால்.

தூங்குகிறவனை எழுப்பி அளந்தால் அது தூங்குகிறவனின் அழுத்தம்தானா என்று ஒரு கேள்வி வரும். அந்த இடத்தில்தான் கண்ணில் மாட்டிக்கொள்ளும் சென்சார் வருகிறது.

சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மத்தேயோ லியோனார்டி என்பவர் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது ட்ரிகர்ஃபிஷ் என்ற கான்டாக்ட் லென்ஸ். விற்பனைக்குக் கொண்டுவந்தது சென்சிமெட் நிறுவனம். மெத்தென்ற சிலிக்கோன் லென்ஸுக்குள் வட்ட விளிம்பை ஒட்டி ஸ்ட்ரெயின் கேஜ் பதித்திருக்கிறார்கள். ஆமாம், எங்கள் பழைய ஸ்ட்ரெயின் கேஜ்தான், இழுபட்டால் மின்தடை மாறும் மெல்லிய உலோக இழை. சின்ன மின்தடை மாற்றத்தையும் பிடிக்கும் வீட்ஸ்டன் பிரிட்ஜ் சுற்றாகக் கட்டி, வெப்பத்தால் வரும் மாற்றத்தை ஈடுகட்டத் தனிக் கேஜ்களும் வைத்து. கூடவே ஒரு மைக்ரோசிப், சுற்றிலும் ஒரு ஆன்டெனா வளையம். பேட்டரி கிடையாது. கண்ணைச் சுற்றி முகத்தில் ஒட்டும் பட்டையில் இன்னொரு ஆன்டெனா இருக்கிறது. அதுவே லென்ஸுக்குக் கரன்ட் கொடுத்து, சிக்னலையும் வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து ஒரு ஒயர், கழுத்தில் தொங்கும் ரெக்கார்டருக்கு.

தத்துவம் எளிது. அழுத்தம் ஏறினால் கருவிழிப் படலமும் வெண்விழியும் சேரும் விளிம்பு கொஞ்சம் விரியும். எவ்வளவு? ஒரு மில்லிமீட்டர் பாதரசம் ஏறினால் படலத்தின் வளைவு ஆரத்தில் ஏறக்குறைய மூன்று மைக்ரான் மாற்றம் என்ற கணக்கில் வடிவமைத்திருக்கிறார்கள். ஆரமே எட்டு மில்லிமீட்டர் பக்கம். அதில் மூன்று மைக்ரானைப் பிடிக்க வேண்டும், அதுவும் சிமிட்டிக்கொண்டும் உருண்டுகொண்டும் இருக்கும் ஒரு சாமானில். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விழித்து முப்பது வினாடிக்கு 300 ரீடிங் எடுக்கும். 24 மணி நேரத்தில் 288 தொகுப்பு. சிமிட்டுவது கூர்முனையாகவும் இதயத் துடிப்பு சின்ன அலையாகவும் வரைகோட்டில் தெரியுமாம். அந்த அலை தெரிந்தால்தான் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று நான் நம்புவேன். அழுத்தத்தைக் கொண்டுவரும் குழாய் (இம்பல்ஸ் லைன்) அடைத்துக்கொண்ட டிரான்ஸ்மிட்டர், அதாவது அழுத்தத்தைச் சிக்னலாக மாற்றி அனுப்பும் கருவி, நேர்கோடாகப் போகும்; அனுபவம் இல்லாதவன் அதைப் பார்த்து "பிரஷர் ஸ்டெடி" என்று எழுதுவான்.

விற்பனைப் படங்களைப் பார்த்தால் ஏதோ உங்கள் கண் அழுத்தத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் எண்ணாகச் சொல்லிவிடும் என்று தோன்றும். சொல்லாது. அதன் அளவு மில்லிவோல்ட் கணக்கில்தான் வருகிறது, பாதரசக் கணக்கில் அல்ல. லென்ஸ் ஒவ்வொருவர் கண்ணிலும் ஒவ்வொரு மாதிரி உட்காரும், ஒவ்வொருவர் படலமும் ஒவ்வொரு விறைப்பு, ஆகவே ஜீரோ எங்கே, ஸ்பேன் (அளவின் முழு வீச்சு) எவ்வளவு என்று தெரியாது. 2016 மார்ச்சில் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தபோது எழுதிய வாசகம் எனக்குப் பிடித்திருக்கிறது. இருபத்திரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, 24 மணி நேரம் வரை, அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தில் உச்சம் எப்போது வருகிறது என்று கண்டுபிடிக்க. அந்த நேரத்தில் வழக்கமான கருவியால் அளந்துகொள்ள. அவ்வளவுதான். "எப்போது" என்பதைச் சொல்லும், "எவ்வளவு" என்பதைச் சொல்லாது. தன் எல்லையை இவ்வளவு ஒழுங்காகச் சொல்லும் கருவியை நான் மதிப்பேன். (உச்சம் ராத்திரி மூன்று மணிக்கு என்று அது சொல்லிவிட்டால், மூன்று மணிக்கு எந்த டாக்டர் அளப்பார் என்பது வேறு விஷயம்.)

கண்ணாடி மாதிரி கம்ப்யூட்டரை மாட்டும் காலத்தில், லென்ஸ் கதைகளைக் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்பது என் வழக்கம். கண்ணீரிலிருந்து சர்க்கரையை அளக்கும் லென்ஸ் என்று கூகுள் 2014இல் அறிவித்தது, ஊரெல்லாம் பேசினார்கள், 2018இல் நிறுத்திவிட்டார்கள். கண்ணீர்ச் சர்க்கரை ரத்தச் சர்க்கரையோடு ஒத்துப்போகவில்லை. ட்ரிகர்ஃபிஷ் அந்த ரகம் இல்லை. சிகிச்சையில் இருக்கும் க்ளாக்கோமாக்காரர்களிடம் 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வில், இதன் வரைகோட்டில் தெரியும் மேடுகளுக்கும் பார்வைப் பரப்பு குறைந்த வேகத்துக்கும் தொடர்பு தெரிந்தது.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. ராத்திரி முழுக்க கண் மூடியிருந்தால் கருவிழிப் படலமே சில சதவீதம் வீங்கும். அதற்கு மேல் லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு தூங்கினால் ஆக்ஸிஜன் இன்னும் குறைந்து இன்னும் வீங்கும். விடிகாலையில் வரைகோடு ஏறுகிறது என்றால், ஏறியது அழுத்தமா, வீக்கமா? லென்ஸ் படலத்தோடு இறுகிப்போனதா? ட்ரிஃப்ட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பிளான்டில் சந்தேகம் வந்தால் வால்வை மூடி, வென்ட் பண்ணி, ஜீரோ பார்ப்போம். கண்ணை வென்ட் பண்ண முடியாது. இந்தச் சந்தேகத்தை ஆராய்ச்சிக்காரர்களும் எழுப்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல்.

எனக்கு அந்த லென்ஸ் கிடைக்கவில்லை. "இங்க யாரும் வச்சிருக்கிற மாதிரி தெரியல சார்" என்றார் டாக்டரம்மா. அதற்குப் பதிலாக வேறொன்று கொடுத்தார். வீட்டிலேயே நாமே அளந்துகொள்ளும் ரீபவுண்ட் டோனோமீட்டர், ஃபின்லாந்துக் கருவி. வைப்புத்தொகை கட்டினால் ஒரு வாரத்துக்குத் தருகிறார்கள். நுனியில் குண்டு வைத்த மெல்லிய கம்பி ஒன்று காந்தத்தால் முன்னே பாய்ந்து, படலத்தைத் தொட்டுத் திரும்பும். எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறதோ அவ்வளவு அழுத்தம். தொட்டதே தெரியாது, மரத்துப்போகும் சொட்டும் வேண்டாம். நேராகப் பிடித்தால் பச்சை வெளிச்சம், சாய்ந்தால் சிவப்பு. ஆறு தரம் தட்டி ஒரு ரீடிங். புது மாடல் என்பதால் படுத்தபடியே எடுக்கலாம்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டு ஷிஃப்ட் லாக் மாதிரி எழுதினேன். விடிகாலை ஐந்து மணி, படுக்கையில். ஒன்பது, பதினொன்று, மூன்று, ஏழு, படுக்கப் போகும் முன். வீட்டுக்காரி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "என்னங்க, காப்பி ஆறிப்போச்சு, விடிஞ்சதிலிருந்து கண்ணையே குத்திக்கிட்டு இருக்கீங்க" என்றாள். அவளுக்கும் அளந்து காட்டினேன். பதினான்கு. நிம்மதி.

என் எண்கள்: பகல் பதினொன்றுக்கு 15, 16. சாயங்காலம் 14 வரை இறங்கியது. விடிகாலை, படுத்த நிலையில், 23. ஒரு நாள் 24. ஓ.பி. நேரத்து பதினாறு பொய் இல்லை. நாளின் பள்ளத்துக்குப் பக்கத்தில் எடுத்த ரீடிங், அவ்வளவுதான்.

நோட்டைப் பார்த்த டாக்டரம்மா பேசவே இல்லை, இரண்டு தரம் புரட்டினார். பிறகு டைமோலாலை நிறுத்தி, ராத்திரி ஒன்பது மணிக்கு லட்டானோப்ரோஸ்ட் ஒரு சொட்டு என்று மாற்றினார். திறக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இந்த மருந்தால் கண் இமை முடி நீளும் என்றும் எச்சரித்தார். நீண்டுதான் இருக்கிறது, வீட்டில் கேலி நடக்கிறது.

இந்த விஷயத்தை ரிட்டையர்டு ஆட்கள் கூடும் இடத்தில் சொன்னேன். எங்கள் பழைய சார்ஜ்ஹேண்ட் அண்ணாச்சி தினமும் காலையில் சிரசாசனம் போடுகிறவர். அவருக்கும் க்ளாக்கோமா மருந்து உண்டு. சென்னை சங்கர நேத்ராலயாவில் யோகா செய்பவர்களை வைத்து அளந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று கண்டார்கள். "அண்ணாச்சி, டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன். "அவரு கேக்கல, நானும் சொல்லல" என்றார். விடிந்ததும் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பதும் கொஞ்ச நேரத்துக்கு ஏற்றும். அதையே ஒரு சோதனையாகச் செய்கிறார்கள். நெற்றிக் கண்ணைத் திறப்பது போல என்னை முறைத்தார், இனி எதைத்தான் செய்வது என்று.

நிஜமான எண்ணையே தரும் சென்சாரும் இருக்கிறது, ஆனால் அதைக் கண்ணுக்குள் வைக்க வேண்டும். ஜெர்மனியின் ஹனோவரில் இம்ப்ளான்டேட்டா என்ற நிறுவனத்தின் ஐமேட். கண்புரை ஆபரேஷனின்போது உள்ளே வைக்கும் ஒரு வளையம். வெளியிலிருந்து ஒரு கைக்கருவியைக் காட்டினால் ரீடிங் வரும். எங்கள் ஆட்கள் ரசிக்கும் விஷயம் ஒன்று இதில் உண்டு. உள்ளே இருக்கும் சென்சாருக்குத் தெரிவது அப்சல்யூட் பிரஷர், அதாவது காற்று மண்டலத்தின் 760ஐயும் சேர்த்து. அதனால் கைக்கருவிக்குள் ஒரு பாரோமீட்டர் வைத்துக் கழிக்கிறார்கள். இரண்டு பெரிய எண்களைக் கழித்து 16ஐக் கண்டுபிடிக்கும்போது, ஏதாவது ஒன்று அரை சதவீதம் பிசகினாலும் நாலு மில்லிமீட்டர் போய்விடும். எனக்கு நெஞ்சு துணியவில்லை. ஆபரேஷன் எப்படியும் வேண்டும் என்று இருக்கிறவர் யோசிக்கலாம்.

எல்லோருக்கும் சென்சார் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரி தென் மாவட்டங்களில் நடத்திய கணக்கெடுப்பு 2003இல் வந்தது. நாற்பது வயதுக்கு மேல் நூற்றுக்கு 2.6 பேருக்கு க்ளாக்கோமா. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. அவர்களுக்கு வேண்டியது நரம்பை ஒரு தரம் யாராவது பார்ப்பது. கோவில்பட்டியில் இருக்கும் என் தம்பியை நான் போன் மேல் போன் போட்டு அனுப்பியதும் அதற்குத்தான். அவனுக்கும் அதே அம்மாதானே. ட்ரெண்ட் ரெக்கார்டர் வேண்டியது என்னைப் போன்ற கேஸ்களுக்கு: ரீடிங் நார்மல், சேதம் மட்டும் கூடிக்கொண்டே போகிறவர்கள்.

என்றாவது அந்த லென்ஸ் இங்கே வந்தால் மாட்டிக்கொள்வேன், ஆனால் ஒரு ராத்திரிக்கு இல்லை, இரண்டு ராத்திரிக்கு. ஒரு வார இடைவெளியில், அதே மருந்து, அதே படுக்கை. இப்படி ஒரு சோதனையை 2012இல் சான் டியாகோவிலேயே செய்திருக்கிறார்கள். நாற்பது பேர், பெரும்பாலோருக்குக் கண் சிவந்தது, பார்வை மங்கலானது, எடுத்ததும் சரியானது. இரண்டு நாள் வரைகோடுகளும் ஓரளவு ஒத்துப்போயின, ஒட்டுறவு 0.6 பக்கம் (முழுக்க ஒத்துப்போனால் 1). எங்கள் டெஸ்ட் பெஞ்சில் 0.6 காட்டும் டிரான்ஸ்மிட்டர் நேராக ஸ்கிராப் யார்டுக்குத்தான் போகும். ஆனால் பெஞ்சில் நான் கொடுக்கும் பிரஷர் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இங்கே மாறியது லென்ஸா, கண்ணா என்று சொல்ல இரண்டாவது கேஜ் இல்லை. அடுத்த ஃபீல்ட் டெஸ்ட் தையில் வருகிறது. அதற்கு முன்னால் ஃபின்லாந்துக் கருவியை இன்னொரு வாரத்துக்குக் கேட்டிருக்கிறேன். ஐந்து மணி ரீடிங் புது மருந்தில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.